விஷயம் தெரிந்தவள் வாங்கிய அரிசி

எங்கள் ஊரில் விஷயம் தெரிந்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அரிசி வாங்குவார்கள்.

யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில், ஒழுங்கை என்று நாங்கள் சொல்லும் எங்கள் சந்தில், கச்சேரியில் வேலை பார்த்த ஒருவர் இருந்தார். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை, அரசாங்கக் காரியாலயம். அவரிடம் யாரும் எதையும் நேரே கேட்பதில்லை. கேட்டாலும் "எனக்கென்ன தெரியும்" என்பார். ஆனால் அவர் சைக்கிள் கரியரில் அரிசி மூட்டை கட்டிக்கொண்டு வந்தால் அடுத்த வீட்டார் பருப்பு வாங்கப் போவார்கள். அவர் ஆட்டை விற்றால் ஒழுங்கையே நகையைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொள்ளும். ஒரு நாள் மத்தியானம் அவருடைய மனைவி காயாத துணிகளைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போனதை அக்கா வேலிக்கு மேலாகப் பார்த்துவிட்டாள். அவளுக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும். நான் சின்னவள். "அம்மா, வெளிக்கிடுங்கோ" என்றாள். நாங்கள் பாலத்தைக் கடந்து கொஞ்ச நேரத்தில் பின்னால் ஷெல் விழத் தொடங்கியது. வானொலி எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை. அந்த ஈரத் துணிதான் சொன்னது.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததைப் படித்துவிட்டு அக்காவை முட்டாள் என்று நினைப்பீர்கள். அவள் முட்டாள் இல்லை. அவள் முட்டாளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.

பிறகு அவள் கல்யாணம் கட்டி ஜேர்மனிக்குப் போனாள். நானும் அம்மாவும் லண்டனுக்கு வந்து சேர்ந்தோம். அம்மா காலமான பின் எனக்கு இங்கே ஒருவரும் இல்லாமல் போனது. செத்தவீட்டுக்கு வந்த அக்கா, கோலியர்ஸ் வுட்டில் நான் தனியே இருந்த அந்தச் சின்ன பிளாட்டைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போன கையோடு அத்தானை அரித்தெடுத்தாள். அடுத்த வருடமே குடும்பத்தோடு, எனக்குப் பக்கத்திலேயே மிச்சம் என்ற லண்டன் புறநகருக்குக் குடிவந்துவிட்டாள். அவர்கள் ஜேர்மன் பிரஜைகள். அந்த நாளில் ஐரோப்பியக் கடவுச்சீட்டு இருந்தால் விசா கேட்க ஆளில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கலாம். ஊருக்கெல்லாம் பிள்ளைக்கு ஆங்கிலப் படிப்பு என்று சொன்னாள். எனக்காகத்தான் வந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

நான் அரசாங்க அமைச்சு ஒன்றில் வேலை பார்த்தேன். எந்த அமைச்சு என்று எழுதப் போவதில்லை. எழுதாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிவதென்று வாக்களித்த பிறகு எங்கள் பிரிவின் முழு வேலையும் அதுவாகிப் போனது. பாராளுமன்றத்தில் அமைச்சரிடம் என்ன கேட்பார்கள் என்று ஊகித்து, அவர் சொல்ல வேண்டிய பதிலை முன்கூட்டியே எழுதி வைப்பது என் பங்கு. "இங்கே வாழும் ஐரோப்பியப் பிரஜைகளின் உரிமைகள் முழுமையாகப் பாதுகாக்கப்படும்" என்று காலையில் எழுதுவேன். கொஞ்ச நேரத்தில் மேலிடத்திலிருந்து தொலைபேசி வரும், "முழுமையாக" போய்விடும். மத்தியானம் ஆளும் கட்சிக்குள் ஒரு கோஷ்டி சத்தம் போடும், "பாதுகாக்கப்படும்" என்பது "பாதுகாக்க வேண்டும் என்பதே எமது நோக்கம்" என்று மாறும். பின்னேரம் பிரதமரின் ஆட்கள் "முழுமையாக"வைத் தேடி எடுத்துத் திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். அந்த வரிக்குள் அடங்கிய பிரஜைகளில் மூன்று பேர், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்காகப் புட்டு அவித்துக்கொண்டு மிச்சத்தில் காத்திருந்தார்கள்.

அப்போதைய பிரதமர் ஒரு பெண்மணி. அவருடைய மந்திரிசபையில் பாதிப் பேர் அவர் உட்கார்ந்திருந்த கதிரையின் காலை அறுத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் அறுக்கிறவர்களுக்கு வாள் தீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எங்கள் அமைச்சர் என்ன நினைக்கிறார் என்பதை, அவருக்கு வசனம் எழுதிக் கொடுக்கிற நாங்களே பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

ஆகவே நாங்களும் சகுனம் பார்த்தோம். இந்த வித்தையில் வெள்ளைக்காரர்கள் கத்துக்குட்டிகள், நான் பழகிய கை. முதலாவது அமைச்சர் ஒரு நாள் தேநீர் குடித்துவிட்டுத் தன் கோப்பையைத் தானே கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தார். வந்த நாளிலிருந்து ஒரு கரண்டியைக்கூடக் கழுவாத மனிதர். "இவர் போகப்போகிறார்" என்று என் மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் ஒரு ஸ்கொட்லாந்துப் பெண்மணி, நல்ல மனுஷி; சிரித்தார். இரண்டு நாளில் அமைச்சர் ராஜினாமா. இரண்டாவதாக வந்தவர் போகிற இடமெல்லாம் பிரதமரின் துணிச்சலையும் பொறுமையையும் புகழத் தொடங்கினார். அந்தப் புகழ்ச்சியைக் கேட்டதுமே இவரும் கிளம்பப்போகிறார் என்று குறித்துக்கொண்டேன். பிரதமர் ஐரோப்பாவோடு பேசி முடித்த பிரிவு ஒப்பந்தத்தை மேசையில் கொண்டுவந்து வைத்த கையோடு அவரும் ராஜினாமா. அதன் பிறகு என் மேலதிகாரி காலையில் என்னைக் கண்டால் "இன்றைக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் அரிசி விஷயத்தில் "குறி பார்ப்பதெல்லாம் பைத்தியக்காரத்தனம்" என்று அக்காவிடம் அடித்துச் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை என்பது விளங்க வேண்டுமல்லவா?

மிச்சத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் புட்டும் ஆட்டிறைச்சிக் குழம்பும். அத்தான் செய்தி அலைவரிசையைப் போட்டுவிட்டு ரீவியைப் பார்க்காமல், ரீவி பார்க்கிற என் முகத்தைப் பார்ப்பார்.

"நீர் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. உம்மடை வேலை எங்களுக்கு விளங்கும். சும்மா சாப்பிடும்" என்பார். சொல்லிவிட்டு, நான் எந்த ஆளைக் கண்டதும் புட்டுப் பிசைவதை நிறுத்துகிறேன் என்று கவனிப்பார். நானும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு பிசைவேன். உறைப்புக்கு இருமினாலும் பயம். இருமினால் அவர் அக்காவைத் திரும்பிப் பார்ப்பார்.

"கோயில் சூரன்போரிலை சூரன்ரை தலையை மாத்தி மாத்திக் கொழுவுற மாதிரி மந்திரிமாரைக் கொழுவுறாங்கள்" என்று ஒரு நாள் சிரித்தார். "உடம்பு அதேதான்."

அத்தானுக்கு அரசியலில் ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது: ஒருவர் எழுதிய ஒப்பந்தத்தை மற்றவர் நிலைக்க விட மாட்டார். "எங்கடை நாட்டிலை பாத்தனாங்கள்தானே. ஒருத்தர் எங்கடை ஆக்களோடை ஒப்பந்தம் எழுதினால், அவற்றை கதிரைக்கு ஆசைப்படுறவர் எதிர்த்து ஊர்வலம் போவார். கடைசியிலை எழுதினவரே கிழிப்பார். கிழிபடுறது ஆர்? நாங்கள்." அவர் சொல்வது வரலாறு.

ஆனால் அந்த வீட்டில் இது வெறும் அரசியல் பேச்சு இல்லை. அக்கா நன்றாகத் தைப்பாள். ஜேர்மனியில் பத்து வருடத்துக்கு மேலாக ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்தவள், இங்கே வந்த பிறகு முன்னறையில் ஒரு மெஷினைப் போட்டுச் சாறி பிளவுஸ் தைக்கத் தொடங்கினாள். அப்பால் சட்டன் நகரிலிருந்தெல்லாம் மணப்பெண்கள் வந்தார்கள். அளவு எடுக்கும்போது அக்காவின் குரலே வேறு; வாயில் ஊசியை வைத்துக்கொண்டு பெரிய டொக்டர்களையும் "அசையாமல் நில்லுங்கோ" என்று அதட்டுவாள். ட்ராம் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை வாடகைக்கு வந்தபோது அவள் அதை ஒருவருக்கும் சொல்லாமல் தனியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். உடை மாற்றும் அறை எங்கே, கண்ணாடி எங்கே என்று எனக்கு மட்டும் கையால் காற்றில் வரைந்து காட்டினாள். நீண்ட குத்தகை. கடைச் சொந்தக்காரர் தை மாதம் வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதே நேரம் ஜேர்மனியில் அத்தான் முன்பு வேலை செய்த தொழிற்சாலையில் ஆள் தேவைப்பட்டது. கோடைக்குள் வந்தால் பழைய வேலை உனக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார். கடையில் கையெழுத்து வைப்பதா, காரில் பெட்டி ஏற்றுவதா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை என் முகத்தில் இருப்பதாக இருவரும் நம்பினார்கள்.

அக்காவின் மகள், என் பெறாமகள், அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் பெரிய சோதனை எடுக்க இருந்தாள். என்னை பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு வரும் சாட்டில் என் கையைப் பிடித்தாள். "சித்தி, பிளீஸ். ஜஸ்ட் டெல் தெம் வீ ஆர் ஸ்டேயிங்." சொல்லலாம்தான். அந்த வாரம் "முழுமையாக" என்ற சொல் வெட்டுப்பட்டிருந்தது. அவள் கையை அழுத்திவிட்டு பஸ்ஸில் ஏறினேன். மேல்தட்டில் போய் உட்கார்ந்த பிறகுதான், கையை அழுத்தியதும் ஒரு பதிலாகத்தானே போய்ச் சேரும் என்று உறைத்தது.

இனி அரிசி.

இரண்டாவது அமைச்சரும் போன பிறகு, ஒப்பந்தமே இல்லாமல் வெளியேற நேர்ந்தால் என்ன செய்வது என்ற ஆயத்தத்துக்கு எங்களை முறை வைத்து மாட்டிவிட்டார்கள். லீவு எல்லாம் ரத்து. இருட்டோடு போய் இருட்டோடு வருவேன். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. கூரையில் புகை எச்சரிக்கைப் பெட்டி பற்றறி போய், நிமிடத்துக்கொரு தரம் கீச்சிட்டு உயிரை வாங்கியது. ஒரு சனிக்கிழமை கொஞ்ச நேரம் கிடைத்தது. மிச்சத்தில் எங்கள் ஆட்கள் எல்லாரும் போகும் கடைக்கு ஓடினேன். சிவப்பரிசி ஒரு மூட்டை எடுத்தால் மற்றது பாதி விலை என்று எழுதியிருந்தது. இரண்டு எடுத்தேன். மைசூர்ப் பருப்பு எடுத்தேன். சவர்க்காரம் கட்டாக இருந்தது, எடுத்தேன். பற்றறியும் எடுத்தேன், நான்கு.

"இதைக் கொண்டு பஸ்ஸிலை ஏற ஏலாது, பிள்ளை. நான் வானிலை கொண்டந்து தாறன்" என்றார் கடைக்கார அண்ணை. அவருடைய பார்வை அரிசியிலிருந்து பருப்புக்கும், பருப்பிலிருந்து சவர்க்காரத்துக்கும் போய், பற்றறியில் வந்து நின்றது. எனக்கு அப்போதும் பொறி தட்டவில்லை. அவ்வளவு களைப்பு.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தவர்களுக்கு இந்த நான்கு பொருட்களைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அரிசிக்கு வரிசையில் நின்றோம், சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழத்தில் துணி துவைத்தோம், பற்றறி வைத்திருந்தால் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போவார்கள். லண்டனில், அரசாங்கத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி, அமைச்சர் ராஜினாமா செய்த சூட்டோடு, இந்த நான்கையும் ஒன்றாக வாங்கி வானில் ஏற்றினால் அதற்கு என்ன பொருள்?

அடுத்த சனிக்கிழமை அந்தக் கடையில் அரிசித் தட்டு வெறுமையாகக் கிடந்ததாம். சட்டனில் ஒரு குடும்பம் குளிக்கும் தொட்டிக்குள் மாவு மூட்டை அடுக்கிவைத்துவிட்டு, ஜிம்மில் போய்க் குளித்ததாகக் கேள்வி. இதையெல்லாம் கேட்டுச் சிரித்திருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதற்குள் அக்கா என் வீட்டு மணியை அடித்துவிட்டாள்.

அவள் நேரே குசினிக்குப் போனாள். அலுமாரியைத் திறந்தாள். மூட்டை இரண்டையும் பார்த்தாள். சவர்க்காரக் கட்டைக் கையில் எடுத்து, திருப்பி, இருந்த இடத்தில் வைத்தாள்.

"சொந்தத் தங்கச்சி. கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேணுமோ?"

"அக்கா, மலிவாப் போட்டிருந்தவங்கள். எனக்குக் கடைக்குப் போக நேரமில்லை. அதுதான் வாங்கினனான்."

"பற்றறி?"

கூரையைக் காட்டினேன். புதுப் பற்றறி போட்டபின் அந்தச் சனியன் கீச்சிடுவதை நிறுத்தியிருந்தது. முன்பு நாள் முழுதும் கத்திய பெட்டி, எனக்காகச் சாட்சி சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தது.

"அக்கா, சத்தியமா எனக்கு ஒண்டும் தெரியாது."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, ஏதோ பழைய பரிவு. "தெரிஞ்சவை எல்லாரும் அப்பிடித்தானேடி சொல்லுறவை" என்றாள். என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். எனக்குச் சுவரில் முட்ட வேண்டும் போலிருந்தது. தெரியாது என்றால் தெரியும் என்று அர்த்தம். தெரியும் என்றால் சொல்லக்கூடாது. பேசாமல் இருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பதில்.

சரி, சகுனத்துக்குச் சகுனம்தான் மருந்து என்று நினைத்தேன். நல்ல விலையில் ஒரு சோபா வாங்கினேன். பயந்துபோய் இருக்கிறவள் யாராவது சோபா வாங்குவாளா? மூன்று பேர் உட்காரும் கடல்நீல சோபா. என் பிளாட்டில் அதைப் போட்ட பிறகு குளியலறைக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களை வரச் சொல்லி, அதில் உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்தேன். அத்தான் கைப்பிடியைத் தட்டிப் பார்த்தார். "நல்ல சோபா" என்றார். போகும்போது படியில் அவர் அக்காவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "கந்தோரிலை சொல்லியிருப்பாங்கள், சனத்தைக் கலவரப்படுத்தாமல் நடந்துகொள்ளுங்கோ எண்டு."

தை மாதம் கிட்டியது. பிரதமர் தன் ஒப்பந்தத்தை வாக்கெடுப்புக்கு விடப் பயந்து ஒத்திவைத்தார். அவருடைய கட்சிக்காரர்களே அவர்மேல் நம்பிக்கையில்லை என்று எழுதிக் கொடுத்து வாக்கெடுத்தார்கள், அதில் தப்பினார். தப்பியவர் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் அந்தக் கட்டடத்துக்குள் கிடந்தார். நாங்களும் எங்கள் கட்டடத்துக்குள் கிடந்தோம். அந்த மனுஷிமேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. ஆனால் அந்த நாட்களில், நோர்தேர்ன் லைன் ரெயில் சுரங்கத்துக்குள் நின்றுபோகும்போதெல்லாம், பக்கத்தில் நிற்பவரின் பத்திரிகையில் அவருடைய முகத்தைப் பார்த்து, எங்கள் இருவருக்கும் ஒரே வியாதி என்று நினைத்துக்கொள்வேன்.

என் மேலதிகாரியிடம் ஒரு நாள் துணிந்து கேட்டேன். என் குடும்பத்தில் ஐரோப்பியப் பிரஜைகள் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் எதையாவது சொல்லலாமா? அவர் யோசித்தார். "அமைச்சர் பகிரங்கமாகச் சொல்வதை நீயும் சொல்லலாம், அதற்குமேல் வேண்டாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

கடைச் சொந்தக்காரர் கொடுத்த தவணை முடிவதற்கு முன் வந்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். நான் சொன்னேன்: "இஞ்சை இருக்கிற ஐரோப்பியப் பிரஜையளின்ரை உரிமை முழுமையாப் பாதுகாக்கப்படும்."

"இது நீ எழுதினதோ?"

"ஓம்."

"நீ நம்புறியோ?"

எனக்கு ஒரு மூச்சு விடும் நேரம் பிடித்தது. அவ்வளவுதான். நான் "ஓம்" என்றுதான் சொன்னேன். ஆனால் என் அக்கா ஈரத் துணியைப் பார்த்து எங்களைக் காப்பாற்றியவள். அந்த ஒரு மூச்சு அவளுக்குப் போதும். எழுந்து போய் முன்னறையில் மெஷினுக்கு உறையைப் போட்டாள். அடுத்த நாள் கடைச் சொந்தக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஒரு பெரிய பகிடி. ஒப்பந்தம் தோற்றது. திரும்பவும் தோற்றது, இன்னொருமுறையும் தோற்றது. பங்குனியில் போக வேண்டிய நாடு போகவில்லை, தவணை கேட்டது. தவணைக்குத் தவணை கேட்டது. இங்கேயே இருக்க விரும்பும் ஐரோப்பியர்கள் தொலைபேசியில் விண்ணப்பித்தால் போதும் என்று அறிவித்தார்கள். நான் அத்தானிடம் கெஞ்சினேன். வெறுமனே ஒரு செயலி, கடவுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பினால் சரி, ஒரு பின்னேரத்து வேலை.

"கையிலை ஒரு கடதாசி தருவாங்களோ?"

"இல்லை அத்தான், எல்லாம் கம்பியூட்டரிலை."

"கடதாசியையே கிழிச்சவங்களைப் பாத்தனாங்கள். கடதாசியும் இல்லாட்டில் அடுத்து வாறவருக்குக் கிழிக்கிற வேலையும் மிச்சம்" என்றார்.

பிரதமர் வாசலில் நின்று, குரல் உடைந்து, போகிறேன் என்றார். எனக்கு அழுகை வந்தது. எதற்கென்று இன்றைக்கும் தெரியாது. அவருடைய கதிரைக்கு ஒரு கூட்டமே வரிசையில் வந்து நின்றது. எங்கள் கந்தோரில் எந்த வேலையும் நடக்கவில்லை. யார் வந்தால் எந்த வரி மாறும் என்று கதைத்துக்கொண்டிருந்தோம். ரீவியில் அவர்கள் ஆளையாள் இடைமறித்துக் கத்திக்கொண்டிருந்த கோடையில், பெறாமகளின் சோதனை முடிந்ததும், அக்கா வீட்டில் பெட்டி கட்டினார்கள். பிள்ளை என்னோடு கதைக்கவில்லை. என் கன்னத்தில் கொஞ்சிவிட்டுக் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறிவிட்டாள்.

அக்கா காருக்குப் பக்கத்தில் நின்றாள். மெஷினை எனக்கு விட்டுப் போவதாகச் சொன்னாள். எனக்குப் பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"இப்ப சொல்லு. இனி நாங்கள் போறம்தானே, சொன்னால் ஒண்டும் நடவாது. உனக்கு என்ன தெரிஞ்சிருந்தது?"

"ஒண்டும் தெரியாது அக்கா."

அவள் என் முகத்தைக் கனநேரம் படித்தாள். பிறகு அவளுடைய முகம் மாறியது. முதல்முறையாக என்னை நம்பினாள்.

"அப்ப உன்ரை பெரிய ஆக்களுக்கு?"

"அவைக்கும் தெரியாது."

"ஒருத்தருக்கும் தெரியாதோ?"

"ஒருத்தருக்கும்."

அவள் காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். "எங்கடை ஊரிலை ஷெல் அடிச்சவனுக்காவது எங்கை அடிக்கிறன் எண்டு தெரியும்" என்றாள். பிறகு, "இதை நீ முதலே சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னனான் அக்கா."

அத்தான் ஹோர்ன் அடித்தார். டோவரில் கப்பலுக்கு நேரமாகிவிட்டது.

அந்த உரிமை கடைசியில் பாதுகாக்கப்பட்டது. யாரும் கிழிக்கவில்லை. விண்ணப்பித்தவர்கள் எல்லாரும், கையில் கடதாசி இல்லாமலே, மிச்சத்திலும் சட்டனிலும் இருக்கிறார்கள். விண்ணப்பிக்கும் காலம் முடிந்து போய்விட்டது. ட்ராம் தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் கடையில் மின்சிகரெட் விற்கிறார்கள். கண்ணாடி வைக்க அக்கா யோசித்த இடத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் அன்னாசிப்பழம் நிற்கிறது. நான் வேறு பிரிவுக்கு மாறிவிட்டேன். அரிசி இப்போது ஒரு கிலோ பையில்தான் வாங்குகிறேன்.

அக்கா கிழமைக்கு ஒருமுறை என்னைக் கூப்பிடுவாள். அங்கே குளிர், இங்கே மழை, பிள்ளை படிக்கிறாள், அத்தானுக்கு முழங்கால் நோகிறது. அரசியல் கதைப்பதில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது, அண்மையில் ஒரு சனிக்கிழமை கடைக்கார அண்ணை என் கூடையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லும்வரை.

"அக்கா நேற்றும் கோல் எடுத்தவா."

"ஆருக்கு எடுத்தவா?"

"எனக்குத்தான். இடைக்கிடை எடுப்பா. நீங்கள் என்ன வாங்கினனீங்கள் எண்டு கேப்பா." எனக்கு இது தெரியும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் சும்மா, பால், பாண், மரக்கறி எண்டு சொல்லுவன்" என்று இழுத்தார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். கடலுக்கு அந்தப் பக்கம் போன பிறகும் விடுதலை இல்லையா என்று. கூடையை அங்கேயே போட்டுவிட்டுப் போகலாம் என்று திரும்பினேன். கடையின் பின்பக்கத்தில், மேல்தட்டில், சட்டி பானைகள் இருந்தன. போய், இருந்ததிலேயே பெரிய புட்டுப் பானையையும் அதன்மேல் வைத்துப் புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்து, அவர் முன்னால் வைத்தேன். நாலைந்து பேருக்குத் தாராளமாகக் காணும்.

"ஆரும் வருகினமோ, பிள்ளை?"

"எனக்கென்ன தெரியும்" என்றேன்.

பானையோடு வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தேன். இருட்ட முன்னமே தொலைபேசி அடித்தது. அக்கா வழக்கமாகக் கூப்பிடும் நாள் அது இல்லை.

"அங்கை மழையோ?" என்றாள்.

"ஓம்."

"பெரிய பானை வாங்கினியாம்."

"ஓம்."

பின்னால் ஜேர்மன் ரீவியில் யாரோ சிரிப்பது கேட்டது. அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"இனி எங்களை இஞ்சை இருக்கவெண்டு வர விடாங்களடி" என்றாள். அவள் "இஞ்சை" என்று சொன்னது மிச்சத்தை.

"தெரியும் அக்கா" என்றேன்.

அத்தனை வருடத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்த ஒரே விஷயம் அதுதான்.